பிராங்க்லி சார் வீட்டுச் சம்பந்தம்

தவசிமுத்துவுக்கு அந்த வார்த்தை கம்பெனியில் வைத்துக் கிடைத்தது.

இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் அவர் செக்கிங் பிரிவில் இருந்தார். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டிருக்கும். நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை எது கண்ணில் பட்டாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளுவது அவர் வேலை. ஒருநாள் மும்பையிலிருந்து சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் ஒருவர் கழுத்தில் டையோடு வந்து இறங்கினார். ஒரு பண்டலைப் பிரித்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "பிராங்க்லி..." என்று ஆரம்பித்து, இந்தத் துணியைத் தரை துடைக்கக்கூட வாங்கமாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னார். டீயில் சர்க்கரை கூடினாலே டம்ளரைத் தூக்கி எறிகிற முதலாளி, அன்றைக்குத் "தேங்க்யூ சார்" என்று கைகுலுக்கி, மதியம் மட்டன் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து ஆளைக் காரில் ஏற்றிவிட்டார்.

தவசிமுத்து அசந்துபோனார். கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டார். "ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றதுண்ணே" என்றார் அவர். அது மட்டும்தான் அர்த்தம் என்று தவசிமுத்துவுக்குத் தோன்றவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்துவிடுகிறார்களே, அந்த வேலையையல்லவா இந்த வார்த்தை செய்கிறது! தேய்த்துவிட்டால் பொறவு தாராளமாகக் குத்தலாம். குத்துப்பட்டவன் தேங்க்யூ சொல்வான். தமிழிலும் அதற்கு ஒன்று உண்டுதான், 'தப்பா நெனைக்காதீக' என்று. ஆனால் அதைச் சொன்ன மறுநொடியே எதிராளி தப்பாக நினைக்கத் தயாராகிவிடுகிறான். இங்கிலீஷ் வார்த்தையில் அந்தத் தொந்தரவு இல்லை.

அன்று பிடித்தவர் விடவில்லை. புதுவீட்டுக்காரரிடம், "பிராங்க்லி, உங்க ஹால் டைல்ஸப் பாத்தா பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை மாதிரி இருக்கு." தொட்டில் குழந்தையைப் பார்த்து, "பிராங்க்லி, இந்த மூக்க வச்சிக்கிட்டு பொம்பளப்புள்ளையாப் போச்சே." ஜவுளி எடுத்துவந்து ஆசையாகக் காட்டும் கொழுந்தியாளிடம், "பிராங்க்லி, ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்." இதையெல்லாம் அவர் ஒரு சமூக சேவையாகத்தான் செய்தார். அவருக்கு யார்மேலும் பகை கிடையாது. ஊரார் அவரைப் 'பிராங்க்லி சார்' என்று கூப்பிட ஆரம்பித்தபோது, அதை யாரோ கொடுத்த பட்டம்போல ஏற்றுக்கொண்டார். தவசிமுத்து என்ற பேர் ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியது.

அவருடைய சேவை உச்சத்துக்குப் போவது விசாரிக்க ஆள் வருகிறபோதுதான். இந்தப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன்னால், ஜாதகம் பொருந்திவிட்டது என்றதும், அந்த வீட்டாருக்குத் தெரியாமல் இரண்டு பேர் தெருவுக்கு வந்து டீக்கடை, அயர்ன் வண்டி, ரேஷன் கடை என்று மெல்ல வாயைப் பிடுங்குவார்கள். கேட்கப்பட்டவர்கள் வானத்தைப் பார்த்தபடி "நல்ல குடும்பம்ங்க" என்பார்கள். வானத்தைப் பார்த்த விதத்தை வைத்து வந்தவர்கள் மிச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். பிராங்க்லி சார் வானத்தைப் பார்ப்பதில்லை. டீக்கடை பால்சாமியின் மகனுக்கு வத்திராயிருப்பிலிருந்து நல்ல இடம் வந்து, விசாரிக்க வந்தவர்களிடம் அவர், "பையன் தங்கம். ஆனா பிராங்க்லி, தங்கம் தூங்கி எந்திரிக்கப் பத்து மணியாகும்" என்றார். வந்தவர்கள் பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த டீயே பால்சாமி போட்டுக் கொடுத்ததுதான். அன்று முதல் பால்சாமி அவருக்குச் சிரித்த முகத்தோடு டீ கொடுத்து வந்தார். டீ மட்டும் கொஞ்சம் வெளுத்துப்போனது.

இதற்கு நடுவில் அவர் மகள் சிவரஞ்சனிக்கு வயது இருபத்தெட்டு ஆகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். வந்த சம்பந்தங்களில் ஒன்றில் பையனின் அப்பாவிடம் பல்செட்டைப் பற்றியும், இன்னொன்றில் பையனிடமே முன்வழுக்கையைப் பற்றியும் தவசிமுத்து பிராங்க்லியாகப் பேசியிருந்தார். மூன்றாவதாக, புரோக்கர் மாரிச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். பையன் விக்னேஷ்வரன், ஈ.பி.யில் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

"நீங்க வாயத் தொறக்கப்படாது" என்றாள் மனைவி முனீஸ்வரி. "வாங்க, உக்காருங்க. அம்புட்டுத்தான். இதுவும் போச்சுன்னா நானும் எம்மவளும் எங்கயாச்சும் போயிருவோம்."

"ஏட்டி, பிராங்க்லி..."

"அந்தச் சனியனத்தான் சொல்றேன்."

புதன்கிழமை காலையில் பால்சாமி கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் உளுந்தவடையில் குறை பார்த்துக்கொண்டிருந்தபோது, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். பக்கத்தில் கையில் மஞ்சள் பையோடு ஓர் அம்மாள். இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை. அண்ணன் தங்கை என்று பார்த்தாலே தெரிந்தது. பெரியவர் பால்சாமியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். பால்சாமி கேட்டு முடித்து, டீ ஆற்றுகிற கையை நிறுத்தி, பெஞ்சைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"எனக்கென்ன தெரியும், நான் வெளியூர்க்காரன்" என்றார் பால்சாமி. அவர் பிறந்ததே கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டில்தான். "அந்தா உக்காந்திருக்காரே, பிராங்க்லி சாரு, அவருகிட்டக் கேளுங்க. வேண்டியவுக வேண்டாதவுக பாக்க மாட்டாரு. உள்ளத உள்ளபடி சொல்லுவாரு."

பெரியவர் கும்பிட்டார். பேர் மொக்கைச்சாமி என்றும், இது தங்கச்சி வெள்ளத்தாய் என்றும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவதாகவும் சொன்னார். விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அந்தக் கும்பிடிலேயே தவசிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க. தாயி, நீங்களும் உக்காருங்க. தைரியமாக் கேளுங்க. பிராங்க்லி, எங்கப்பனப் பத்திக் கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவேன்."

"அப்படி ஒரு ஆளத்தான் அண்ணாச்சி தேடிக்கிட்டிருந்தோம்" என்றார் மொக்கைச்சாமி. "இந்தப் பின்தெருவுல தவசிமுத்துன்னு ஒருத்தரு. பேண்டேஜ் கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவராம். அவரு மகள எங்க தங்கச்சி மகனுக்குக் கேட்டிருக்கு."

வடை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பால்சாமி கழுவின கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

'அது நான்தான்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் வெள்ளத்தாய் முந்திக்கொண்டாள். "பொண்ணு தங்கமாம்ணே. அம்மாவும் ரொம்ப நல்லவுகளாம். அந்தாளுதான்..." என்று இழுத்து நிறுத்தினாள்.

ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லாரையும் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தவருக்கு, தன்னைப் பற்றி இன்னொருவர் அபிப்பிராயம் இதுவரை காதில் விழுந்ததில்லை. நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினார்.

"அந்தாளுக்கு என்ன?"

"அயர்ன்காரரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு, அவரப் பத்தி மட்டும் எங்கிட்டக் கேக்காதீகன்னு" என்றார் மொக்கைச்சாமி. "ரேஷன் கடை வரிசையில ஒரு அம்மா சொல்லுது, அவரு துட்டி வீட்டுக்கு வந்தா அழுகிறவுக அழுகைய நிப்பாட்டிருவாகளாம். மாலை வாடியிருக்கும்பாராம், பாடை கோணலா இருக்கும்பாராம்."

கோணலாகத்தான் இருந்தது. தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே" என்றாள் வெள்ளத்தாய். மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்கு வேற பயம். எம்மவனுக்குப் பேச்சு திக்கும். சின்னதுல இருந்தே. மத்தபடி ஒரு குறை கெடையாது. பொண்ணுகிட்டயும் அவுக அம்மாகிட்டயும் முன்னாலயே சொல்லியாச்சு. அப்பாவுக்கு நேரம் பாத்துச் சொல்லிக்கிறோம்னாக. பொண்ணு போன்ல பேசுச்சு. இவன் ஒரு வார்த்தைய வெளிய கொண்டார முடியாம நிக்கான். அவ அந்தப் பக்கம் பேசாமக் காத்துக்கிட்டே இருக்கா, அவன் முடிக்கட்டும்னு. பெத்தவ நானே பொறுக்க முடியாம வார்த்தைய எடுத்துக் குடுத்திருவேன். அவ குடுக்கல. பொறவு என்னத்தச் சொன்னானோ, அவ சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுச்சு."

சிவரஞ்சனி சிரித்தாளா? எப்படிச் சிரிப்பாள்? தவசிமுத்து யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது சிரித்தது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வீட்டில் எந்த அறையில் கேட்டது என்று பிடிபடவில்லை. கொஞ்ச நாளாக அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவது மட்டும் நினைவுக்கு வந்தது. காற்றுக்காகப் போகிறாள் என்றிருந்தார்.

"ஸ்கூல்ல ஒரு வாத்தியாரு எல்லார் முன்னாலயும் கேலி பண்ணிட்டாருன்னு ஒரு வருசம் வாயத் தொறக்காம இருந்தவன்ணே எம்மவன்" என்றாள் வெள்ளத்தாய். "மாமனாரு ஆகப்போறவரு நாலு பேரு முன்னால ஒரு சொல்லு சொல்லிட்டாருன்னா, பொறவு அந்த வீட்டு வாசல்ல அவனால நிக்க முடியாது. அந்தப் புள்ளையையும் விட்டுருவான். அத மட்டும் சொல்லுங்க. அவரு அப்படிச் சொல்றவரா?"

"சேச்சே!" என்றார் தவசிமுத்து. அவருக்கே அந்நியமாக இருந்த ஒரு குரலில், "தங்கமான மனுசன்! அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பரோபகாரி. தெருவுல எல்லாருக்கும் அவருன்னா உசுரு" என்றார்.

பால்சாமிக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்த பிறகும் நிற்கவில்லை.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொக்கைச்சாமி டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "எந்திரி தாயி. ஊரே ஒரு மாதிரிச் சொல்லுது. உள்ளதச் சொல்றவருன்னு காட்டுன ஆளே பூசி மெழுகுறாரு. அப்ப நாம கேட்டதவிட மோசமா இருக்கும். மாரிச்சாமிக்குப் போனப் போட்டு, வேண்டாம்னு சொல்லிருவோம்."

வெள்ளத்தாயும் எழுந்தாள். பையை எடுத்தாள்.

"செத்த நேரம் இருங்க தாயி" என்றார் தவசிமுத்து.

'பிராங்க்லி' என்று ஆரம்பிக்கத்தான் போனார். வரவில்லை. அடுத்தவன் வீட்டு டைல்ஸுக்கும் மூக்குக்கும் கூப்பிடாமலே ஓடிவந்த வார்த்தை, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதற்கு உண்மையான ஒரு வேலை இருந்தபோது தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மொக்கைச்சாமி பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். வெள்ளத்தாய் மட்டும் நின்ற இடத்திலேயே, இப்படி நிற்பவர்களைப் பார்த்துப் பழகிய முகத்தோடு, பேசாமல் காத்திருந்தாள்.

"நீங்க கேட்டதெல்லாம் நெசந்தான்" என்றார் கடைசியில். "சொன்னவுகளுக்குப் பாதி மறந்துபோச்சு, அதான் கம்மியாச் சொல்லியிருக்காக. அந்தாளு வாய் மோசம் தாயி. வேலையில இருந்தமட்டும் துணியில ஓட்டை பாத்த கண்ணு. நல்ல துணி எம்புட்டு ஓடினாலும் கண்ணுல விழாது, ஓட்டைதான் விழும். அதுக்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தா அந்த லைட்ட அமத்தணும்ல? அமத்தத் தெரியல அந்தக் கூறுகெட்டவனுக்கு."

மொக்கைச்சாமி மறுபடி உட்கார்ந்தார்.

"வீட்டுல கொழம்ப ஊத்திட்டு அந்தம்மா அடுப்படிக்குள்ள போயிருவாக, முன்னால நிக்க மாட்டாக. மக வேலைக்குப் போய்ட்டு வந்து அம்மாகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டிருக்கும். அவன் செருப்புச் சத்தம் கேட்டா பேச்சு நின்னுரும். மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருந்தான். அது சிரிச்சு அவன் கேட்டு வருசக்கணக்காச்சு. நீங்க கேட்டிருக்கீக."

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பால்சாமி கவனிக்கவில்லை.

"அவருக்கு ரொம்பப் பழக்கமோ?" என்றாள் வெள்ளத்தாய், அவரையே பார்த்தபடி.

"கூடவே இருந்து பாக்கிறேன்."

"அப்பச் சொல்லுங்க. எம்மவனப் பாத்தா ஏதும் சொல்லுவாரா?"

"வாய்வரைக்கும் வரும். வராதுன்னு சொன்னா பொய்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மகளுக்குப் பிடிச்சிருக்குன்னு அவனுக்கு இன்னும் தெரியாது தாயி. தெரிஞ்சா சொல்ல மாட்டான்னு நெனைக்கேன். வெள்ளிக்கிழமை நீங்க வாங்க. ஒரு வார்த்தை பிசகினான்னா காப்பியக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருங்க. அந்தப் புள்ளமேல மட்டும் வருத்தம் வச்சிக்கிராதீக."

டவுன் பஸ் ஹாரன் அடித்தது. மொக்கைச்சாமி ஏறப்போனவர் திரும்பி, "உங்க பேரு அண்ணாச்சி?" என்றார்.

"பிராங்க்லிம்பாக" என்றார் தவசிமுத்து. ஒளிவுமறைவில்லாத வார்த்தைக்குப் பின்னால் ஒரு முழு ஆள் ஒளிந்துகொள்ள முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பஸ் போனதும் பால்சாமி ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். கறுத்து, திக்காக, நல்ல டீ.

"ஏலே பால்சாமி, நல்லா செஞ்சலே."

"சார், நான் ஒரு வேடிக்கைக்கு..."

"இருக்கட்டும். ஒம்மவனுக்கு இன்னும் பாக்கீகளா?"

"பாக்கோம் சார்."

"ஆளு வந்தா எங்கிட்ட அனுப்பாத."

மதியம் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தில் உப்பில்லை. முனீஸ்வரி ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் அதைப் பிசைந்து கடைசிவரை சாப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராததைப் பார்த்து அவளே வெளியே வந்து, "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றாள்.

"மாப்பிள்ளைப் பையனுக்குப் பேச்சு திக்குமாமே."

அவள் கை கதவுநிலையைப் பிடித்தது. "யாரு சொன்னா?"

"யாரோ. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். வாசலில் நின்று வரவேற்றவரைப் பார்த்ததும் மொக்கைச்சாமி சந்தோஷமாக, "அடடே, அண்ணாச்சியும் வந்திருக்கீகளா? வீட்டுக்காரரு எங்க?" என்றார்.

"இவுகதான் வீட்டுக்காரவுக" என்றாள் முனீஸ்வரி, ஒன்றும் புரியாமல்.

மொக்கைச்சாமியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. வெள்ளத்தாய் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். மற்றக் கால் செருப்புக்குள்ளேயே இருந்தது. உள்ளே வைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. தவசிமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைக்கை நிறுத்திவிட்டு விக்னேஷ்வரன் பின்னால் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. தவசிமுத்துவைப் பார்த்துக் கைகூப்பினான்.

"வ... வ..." என்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "வ..."

முனீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். உள்ளறைக் கதவிடுக்கில் ஒரு புடவை நிறம் அசையாமல் நின்றது. மூன்றாவது வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. 'பிராங்க்லி' தவசிமுத்துவின் வாய்வரைக்கும் வந்தது, அவர் டீக்கடையில் சொன்ன மாதிரியே. அதோடு இன்னொன்றும் வந்தது: அந்தப் பையன் தேடுகிற வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரியும், எடுத்துக் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கூப்பிய கையை இறக்காமல், அவன் கண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"...வணக்கம் மாமா."

"வணக்கம் தம்பி. உள்ள வாங்க. வெயிலு."

வெள்ளத்தாய் மற்றச் செருப்பையும் கழற்றினாள்.

காபி வந்தது. கேசரி வந்தது. சிவரஞ்சனி வந்து கும்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். மொக்கைச்சாமிக்குத்தான் எங்கே பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. தங்கையிடம் குனிந்து, "தாயி, நாம அன்னைக்கு விசாரிச்சது..." என்று முணுமுணுத்தார்.

"விசாரிச்ச எடத்துல சரியாத்தான்ணே சொன்னாக" என்றாள் வெள்ளத்தாய், எல்லாருக்கும் கேட்கும்படி. காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

மொக்கைச்சாமிக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கேசரியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, கேசரி எப்படி? உள்ளத உள்ளபடி சொல்லணும்" என்றார்.

எல்லாரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். கேசரியில் சர்க்கரை அள்ளிக் கொட்டிக்கிடந்தது.

"கேசரி..." என்றார் தவசிமுத்து. "கேசரி வந்து..."

வார்த்தை கிடைக்காமல் அவர் நின்ற நிலையைப் பார்த்து முதலில் சிரித்தது விக்னேஷ்வரன்தான். அவனைப் பார்த்துச் சிவரஞ்சனி. வாயைக் கையால் பொத்தப் பார்த்தாள், அடங்கவில்லை; தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சத்தமாகச் சிரித்தாள்.

தவசிமுத்து கேசரியை மறந்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.